பதினெட்டாயிரம் பேர் குடிவரும் ஊரில் ஊராட்சிக்கு என்ன வேலை?

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்த தொழிலாளர் குடியிருப்பைப் போன்ற ஒன்றைத் தமிழ்நாடு அதற்கு முன் கட்டியதில்லை. 20 ஏக்கர் நிலம், 13 கட்டடங்கள், அறைக்கு 6 பேர், மொத்தம் 18,720 படுக்கைகள். செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய், அதில் 37.44 கோடி ஒன்றிய அரசின் மானியம். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள் தங்குவதற்காக சிப்காட்டே பொறுப்பேற்றுக் கட்டிய இடம் இது. திறப்பு விழாவுக்கு அந்நிறுவனத்தின் தலைவர் யங் லியு நேரில் வந்திருந்தார். ஏக்கருக்கு 936 பேர் என்று கணக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள பல ஊராட்சிகளில் 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே சில ஆயிரம்தான். அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே, அவற்றைப் போலப் பல மடங்கு ஆட்கள் வாழும் ஓர் இடம் எழுந்திருக்கிறது. இனியும் இப்படிப் பல எழப்போகின்றன. அவற்றுக்கு அனுமதி தரும்போது அந்த மண்ணின் ஊராட்சியை யார் கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்தால் கிடைக்கும் பதில் திருப்தி தருவதாக இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குடியிருப்பு தேவைதான், கட்டியது சரிதான். 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்பதை மறந்தால்தான் இதைக் குறை சொல்ல முடியும். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த தனியார் விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்ட பெண்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியாத நிலையில், டிசம்பர் 17 இரவு தொடங்கி சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பிறகே அந்த விடுதிகளின் உட்புறம் வெளியுலகுக்குத் தெரிந்தது: தரையில் படுக்கை, ஓர் அறையில் முப்பது பேர் வரை, சில கழிப்பறைகளில் தண்ணீரே கிடையாது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ம் தேதிதான் திறந்தது. ஆலைக்குள் தூசி படாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தொழில், ஆலைக்கு வெளியே தன் தொழிலாளி எங்கே தூங்குகிறாள் என்பதை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டதன் விளைவு அது. வல்லம் வடகால் அந்த அவமானத்துக்குப் பிறகு பிறந்த தீர்வு.

ஆனால் தீர்வுக்கும் பின்விளைவு உண்டு. இவ்வளவு பெரிய குடியிருப்பை இப்போதுள்ள விதிகள் ஒரு கட்டடமாகத்தான் பார்க்கின்றன. தளப்பரப்பு எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி இருக்கிறதா, வாகனம் எங்கே நிற்கும், பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கியாயிற்றா என்பவையே கேட்கப்படுகின்றன. எல்லாம் வேண்டிய கேள்விகள்தான். ஆனால் மனைக்குள் எழும் கேள்விகளோடு இவை நின்றுவிடுகின்றன. மதிலுக்கு வெளியே என்ன ஆகும் என்று கேட்க வேண்டியவர், கேட்கத் தகுதி உள்ளவர், ஊராட்சி. ஓர் எல்லைக்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருப்பு எதுவானாலும் அனுமதிக்கு முன்பே ஊராட்சியின் எழுத்துப்பூர்வமான ஆய்வு கட்டாயமாக வேண்டும், அந்த ஆய்வுக்கு அனுமதி தரும் அதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம். தடுக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. விசாரிக்கும் அதிகாரத்தைக் கேட்கிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். கழிவுநீர்க் குழாய் உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் வழக்கமான திட்டக் கணக்கு. அதன்படி 18,720 பேருக்கு நாள்தோறும் சுமார் 25 லட்சம் லிட்டர் வேண்டும். மதிலுக்கு இந்தப் பக்கம் உள்ள கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் கணக்கு ஆளுக்கு 55 லிட்டர். ஒரே மண், ஒரே நிலத்தடி நீர், இரண்டு அளவுகோல். தொழிற்சாலைகளின் தாகத்துக்கு அரசு நல்ல வழி ஒன்றைக் கண்டது. கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் திறனுள்ள நிலையத்திலிருந்து இந்தத் தொழிற்பூங்காக்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஆனால் அது இயந்திரங்களுக்கான நீர். மனிதர் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது வேறு எங்கிருந்தோ வர வேண்டும். குழாய் போதாத நாளில் டேங்கர் லாரி வரும். அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றில், எந்த வயலோரத்து ஆழ்துளைக் குழாயில் நிரப்பிக்கொள்கிறது என்பது மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்குத் தெரியாது. ஊராட்சி உறுப்பினருக்குத் தெரியும். லாரிக்காரரின் பெயர்கூடத் தெரியும்.

வந்த நீரில் எண்பது சதவீதம் கழிவாகப் போகும் என்று பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். அப்படியானால் தினம் 20 லட்சம் லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டினால் போதாது. அது நின்றுபோகும் நாளில், பெருமழை நாளில், வழிந்தது எந்த வாய்க்காலில் இறங்கும் என்பதுதான் கேள்வி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் போய்ச் சேர்கிறது. சென்னை அந்த ஏரியிலிருந்து குடிக்கிறது. 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. இந்தப் பகுதியின் ஏரிகளும் கலங்கல்களும் வரத்துக்கால்களும் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பவை. வருவாய்த்துறையின் புலப்படத்தில் அழிந்துபோன ஓடையை ஊர்ப் பெரியவர் விரலால் காட்டுவார். அந்த அறிவு அனுமதிக் கோப்பில் ஏறுவதற்கு இன்று முறையான வாசல் எதுவும் இல்லை.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பேசக் கூச்சப்பட்டே விட்டுவிடுகிற விஷயம். இங்கே தங்குவோர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். மாதவிடாய் நாட்களில் ஆளுக்குப் பத்து நாப்கின் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் மாதம் 1,87,200 நாப்கின்கள். ஒரே வளாகத்திலிருந்து, மாதம் தவறாமல். எரிக்கும் கருவி போதுமான எண்ணிக்கையில் இருந்து, அது பழுதாகாமலும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஒரு பகுதி கழிவுநீர்க் குழாயை அடைக்கும். மீதி குப்பையோடு கலந்து ஊராட்சியின் தூய்மைக் காவலர் வெறுங்கையால் பிரிக்கும் குவியலில் வந்து விழும். ஆளுக்கு 300 கிராம் குப்பை என்று வைத்தால் நாளுக்கு ஐந்தரை டன்னைத் தாண்டுகிறது. ஒரு ஊராட்சியின் பேட்டரி வண்டிகள் அதை எத்தனை நடை அடித்து முடிக்கும்? கட்டட விதிகளில் இதற்குக் கட்டம் கிடையாது. ஷிப்ட் மாறும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். மூன்று ஷிப்டாகச் சமமாகப் பிரித்தால் ஷிப்டுக்கு 6,240 பேர்; ஐம்பது பேர் அமரும் பேருந்தில் ஏற்றினால் 125 வண்டிகள் போக வேண்டும், 125 வண்டிகள் திரும்ப வேண்டும். சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கார் ஏற்றிய நீண்ட டிரெய்லர்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவேதான் இவையும் ஓட வேண்டும், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சைக்கிளும் ஓட வேண்டும். மருத்துவத்தை எடுத்துக்கொண்டால், சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் சொந்த அளவுகோல். அதன்படி ஏறக்குறைய நான்கு துணை நிலையங்களுக்கான மக்கள் ஒரே வளாகத்தில் குடிவருகிறார்கள்.

இதற்கெல்லாம் பணம்? இங்கேதான் ஊராட்சி சரியாகச் சிக்கிக்கொள்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தைப் பிரித்தது 2011 மக்கள்தொகையை வைத்து. அந்தப் பட்டியலில் இந்தப் பெண்கள் தங்கள் தங்கள் சொந்த ஊரில் பள்ளிச் சிறுமிகளாக எண்ணப்பட்டிருப்பார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்தான். வீட்டு வரி கட்டடத்தைப் பார்த்துப் போடப்படுகிறது. அதற்குள் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பதைப் பார்த்து அல்ல. பெரிய கட்டடங்களிடமிருந்து வசூலாகும் உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் மாநில அளவிலான நிதியில் போய்ச் சேர்கிறது. அது எந்த ஊருக்குத் திரும்பும் என்பதை முடிவுசெய்வது வேறோர் இடத்தில் கூடும் குழு. சுமையைத் தாங்கும் ஊருக்கு அதில் முதல் பாத்தியதை இல்லை. நியாயமான ஓர் ஆய்வு முறை இருந்தால், இந்தப் பணத்தில் இவ்வளவு இந்த வடிகாலுக்கு, இவ்வளவு இந்தச் சுகாதார நிலையத்துக்கு என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கியிருக்கலாம்.

சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதே, அதில் மக்கள் கருத்துக்கு இடம் இருக்குமே என்று கேட்கலாம். இல்லை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களை அனுமதி வாங்கச் சொல்கிறது. ஆனால் கட்டடம், நகரியம் என்ற அந்தப் பிரிவு முழுவதற்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஒரு சாயத் தொழிற்சாலை வந்தால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். பதினெட்டாயிரம் பேர் குடிவந்தால் கேட்க வேண்டியதில்லை. இப்போது காற்று இன்னும் எதிர்த்திசையில் அடிக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தொழிலாளர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளை அரசு-தனியார் கூட்டில் கட்டுவதாக ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய குடியிருப்புகளை வீடுகளாகக் கருதி வரி, மின்கட்டணம் குறைக்க வேண்டும் என்றது. அது நல்ல யோசனை. சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்தும் விலக்கு வேண்டும் என்றது. அது ஆபத்தான யோசனை. சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022 அக்டோபரில் விரிக்கப்பட்டபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்தது. திட்டமிடும் மேசை பெரிதாகிக்கொண்டே போகிறது. ஊராட்சி அந்த மேசைக்கு அருகில் வரவேயில்லை. மேலே தொழில்நுட்ப ஒப்புதல் முடிந்து, கட்டணம் கட்டி, உத்தரவு எழுதும் கட்டத்தில்தான் உள்ளாட்சியின் முத்திரை தேவைப்படுகிறது. குடிநீர், சுகாதாரம், கிராமச் சாலை, ஊரக வீட்டுவசதி ஆகியவற்றை எல்லாம் பதினோராவது அட்டவணையில் 29 இனங்களுக்குள் எழுதிவைத்த 73-வது திருத்தத்தின் கதி நடைமுறையில் இதுதான்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு வேகம். ஊராட்சியிடம் போனால் மாதக்கணக்கில் இழுக்கும், நிறுவனம் ஆந்திராவுக்கோ கர்நாடகத்துக்கோ போய்விடும் என்பார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்தின் சோறு தொழிற்சாலையிலிருந்து வருகிறது. 2014 நவம்பரில் நோக்கியா மூடியபோது அந்த வலி எப்படி இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஊர்மன்றங்களுக்குத் தங்கள் எல்லைக்குள் வரும் கட்டட விண்ணப்பங்கள் மீது கருத்துச் சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 21 நாள். கருத்து மேலதிகாரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேட்டே ஆக வேண்டும், பதிவு செய்தே ஆக வேண்டும். 2021-ல் யாரும் ஒழுங்காக ஆய்வு செய்யாத விடுதிகளால் ஃபாக்ஸ்கான் ஆலை மூடிக் கிடந்தது ஏறத்தாழ 25 நாள். அந்த 21 நாளைவிட, ஆய்வு இல்லாமையால் இழந்த காலம் அதிகம். முப்பது நாள் கெடு வைக்கலாம். பதில் வராவிட்டால் கருத்து இல்லை என்று கொள்ளலாம். இதனால் எந்த முதலீடும் ஓடிப்போகாது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது: ஊராட்சிகளுக்கு அந்தத் திறமை கிடையாது, இருப்பது கமிஷன் வாங்கும் திறமைதான் என்பது. சில இடங்களில் அது உண்மை என்பதை மறைத்துப் பயனில்லை. ஜல்லி யார் இறக்குவது, குப்பை ஒப்பந்தம் யாருக்கு, டேங்கர் யாருடையது என்ற பேரங்கள் இந்தச் சாலை நெடுகிலும் நடக்கின்றன. ஆனால் அந்தப் பேரம் செழிப்பதற்குக் காரணமே ஊராட்சிக்கு முறையான பங்கு இல்லாததுதான். கேள்வியை எழுத்தில் கேட்க வழியில்லாத இடத்தில் அதைக் காதோடு காதாகக் கேட்பார்கள். கேள்விகளின் பட்டியலை அரசே நிர்ணயித்து, பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கிராம சபையில் வாசித்து, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொறியாளரையும் சுகாதார ஆய்வாளரையும் துணைக்குக் கொடுத்தால், தலைவர் தனியாகக் கையை நீட்டும் வாய்ப்பு அதிகரிக்காது, குறையும். கேரளத்தில் கட்டட அனுமதியே கிராமப் பஞ்சாயத்திலிருந்துதான் வருகிறது. அங்கே வீடும் விடுதியும் எழாமல் நின்றுவிடவில்லை.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் கவலை தருவது. உள்ளூர்க் கருத்து என்ற பெயரில் வெளியாட்கள் மீதான வெறுப்பு புகுந்துவிடும். சிங்கப்பூரில் 2008-ல் செராங்கூன் கார்டன் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி வருகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். கடைசியில் விடுதி சிறிதாக்கப்பட்டது. தொழிலாளர்கள் அவர்களுடைய தெருக்கள் வழியே நடக்காமலிருக்கத் தனிச்சாலையே போடப்பட்டது. அந்த விடுதிகளில் வாழ்பவர்களில் நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகளும் உண்டு. இங்கேயும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பெண்ணைப் பற்றி அப்படிப் பேசும் வாய்கள் இல்லாமல் இல்லை. லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவருக்கு அரசு விடுதி வந்தால் வருமானம் போகும். அவரே வார்டு உறுப்பினராகவும் இருக்கலாம். ஆகவேதான் ஆய்வின் எல்லையை இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்கிறேன். நீர், கழிவு, குப்பை, சாலை, மருத்துவம், வெள்ளவடிகால், உணவுக்கூடத்தின் உரிமம் ஆகியவற்றோடு அது நிற்க வேண்டும். யார் வந்து தங்கலாம் என்பது ஊராட்சியின் விசாரணைக்கு உட்பட்டதே அல்ல. அந்தக் காரணத்தால் சொல்லப்படும் ஆட்சேபத்தைப் பதிவேட்டில் ஏற்றக்கூட அனுமதிக்கக் கூடாது. விடுதி சம்பந்தப்பட்ட தொழில் வைத்திருக்கும் உறுப்பினர் அந்தத் தீர்மானத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூரே பிறகு பாடம் கற்றது. 2015-ல் ஆயிரமும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட விடுதிகளுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்து, 2020-ல் கொரோனா விடுதி விடுதியாகப் பரவிய பிறகு, 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கைகள் உள்ள இடம் வரை அதை விரித்தது. தமிழ்நாட்டிலும் 2014-ன் மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் உரிமப் பொறுப்பு ஆட்சியரிடம். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒருவர் பார்க்க வேண்டியிருந்ததால்தான் 2021-ல் அந்த விடுதிகள் கண்ணில் படவில்லை. பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குச் சமையலறை நாற்றம் முதலில் தெரிந்திருக்கும்.

கிராம சபை என்றாலே பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் வரிசையாக நிறைவேற்றிய தீர்மானங்கள் நினைவுக்கு வந்து, அதிகாரிகள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அங்கே மக்கள் தங்கள் வீட்டையும் ஏரியையும் இழக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் சிப்காட் ஏற்கெனவே கையகப்படுத்திய நிலத்தில் கட்டடம் எழுகிறது. இரண்டும் வேறு. ஒரு கேள்வியை மட்டும் ஏகனாபுரம் எல்லோருக்குமாக விட்டுவைத்திருக்கிறது: திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் ஒரு பதில்கூட எழுத்தில் கிடைக்காவிட்டால் மக்கள் எந்த வழியில் பேசுவார்கள்?

இந்த விவாதத்தில் யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. விடுதியில் தங்கும் பெண்களும் அந்த ஊராட்சியில் வாழ்பவர்கள்தான். வழக்கமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவுசெய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாக்காளர் பட்டியலில் இருப்பவர் எல்லோரும் கிராம சபை உறுப்பினர். வல்லத்திலோ மாத்தூரிலோ ஜனவரி 26-ம் தேதி கிராம சபை கூடும்போது, விடுதித் தண்ணீர் உப்பாக இருக்கிறது, பேருந்து நிற்குமிடத்தில் விளக்கு இல்லை என்று எழுந்து பேச அவர்களுக்கு உரிமை உண்டு. இப்போது அவர்களுடைய குறை மனிதவளப் பிரிவுக்குப் போகிறது. அங்கே தீராவிட்டால் நெடுஞ்சாலைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மன்றம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஊர்க்காரர்கள் சிலர் பயப்படுவார்கள், எண்ணிக்கையில் நம்மை மூழ்கடித்துவிடுவார்களே என்று. அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் வாடகையும் வியாபாரமும் தருபவரை மட்டும் வரவேற்று, வாக்குள்ளவரை வேண்டாம் என்று சொல்ல எந்த ஊருக்கும் உரிமை கிடையாது.

இத்தனைக்கும் புதுச்சட்டம் தேவையில்லை. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்த நாள் முதல் பலமுறை அரசாணை மூலமே திருத்தப்பட்டுள்ளன. ஆயிரம் படுக்கைகளுக்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருப்பு எதுவும், கட்டுவது சிப்காட்டே ஆனாலும், வரைபடத்தை முப்பது நாளைக்கு ஊராட்சியிடம் வைக்க வேண்டும். ஊராட்சியின் ஒவ்வொரு கேள்விக்கும் அனுமதி ஆணையிலேயே பதில் இருக்க வேண்டும். உட்கட்டமைப்புக் கட்டணத்தில் குறிப்பிட்ட பங்கு அந்த ஊராட்சிக்கும் பக்கத்து ஊராட்சிகளுக்கும் திரும்ப வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தால் போதும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இப்போதைய ஊராட்சிகள் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. வேறு மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டோம். தனி அலுவலர் ஆட்சியில் ஊராட்சியின் கருத்து என்பது அரசு தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கருத்தாகிவிடும். ஆகவே இந்த விதி வருவதாக இருந்தால் அதனோடு சேர்ந்து வர வேண்டியது, இங்கே உரிய காலத்தில் உள்ளாட்சித் தேர்தல். அதற்கும் முன்பு வரவேண்டியது, அந்த 13 கட்டடங்களின் வாசலில் வாக்காளர் பதிவு முகாம்.